ஓரம் கசங்காத விரிப்பு

அக்கா மடத்தில் சேருவதற்கான கடிதத்தை நான்தான் எழுதினேன். அதாவது, முதல் கடிதத்தை. எழுதி முடித்த அன்று எனக்கு அவ்வளவு திருப்தி. மூன்று வருடம் இலக்கியம் படித்ததற்கு வீட்டுக்கு ஒரு பிரயோஜனம் வந்ததே என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் வீட்டில் என் பெயரே பட்டதாரி. "பட்டதாரி, தண்ணி வந்துடுச்சு, பிடி" என்பாள் அம்மா. தண்ணீர் பிடிப்பதற்கும் பட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்பதில்லை. கேட்டால், "அப்போ எதுக்குத்தான் படிச்ச?" என்று வரும்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். பள்ளி முடித்த கையோடு ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பதினோரு வருடமாக அங்கேதான். அப்பா ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குகிறார். அம்மா வீட்டிலேயே தையல்; புதுத்துணி தைப்பதைவிட, பெருத்தவர்களுக்குப் பிரித்துவிட்டும் இளைத்தவர்களுக்குப் பிடித்துக்கொடுத்தும் நடக்கிற தொழில். இரண்டு அறை வீடு. முன்னறையில் தையல் மெஷினும் அப்பாவின் கட்டிலும். உள்ளறை எனக்கும் அக்காவுக்கும். இருபது வருடம் ஒரே அறை, ஒரே முகக்கண்ணாடி, ஒரே சீப்பு. அப்படி இருந்தும் நான் அவளைப் பற்றி எழுதிய கடிதத்தில் அவள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பா, நான் சிஸ்டர் ஆகலாம்னு இருக்கேன்."

அப்பா ஒற்றைச் செருப்போடு நின்றார். "நர்ஸ் படிப்புக்கெல்லாம் வயசு தாண்டிடுச்சே பெரியவளே."

"மடத்து சிஸ்டரைச் சொல்றா" என்றாள் அம்மா. அம்மாவுக்கு எப்படியோ உடனே புரிந்துவிட்டது. சொல்லிவிட்டு மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் தைப்பதே இல்லை.

அப்பா கோபப்படவில்லை. கோபம் வந்தால் அவர் மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிடுவார், அதை வைத்துத்தான் எங்களுக்குத் தெரியும். "சாமிக்குப் பிள்ளையைக் கொடுக்கிறது ரொம்பப் பெரிய காரியம்மா. அடுத்த வீட்டுப் பிள்ளையா இருந்தா நானே முன்னாடி நின்னு வழியனுப்புவேன்" என்றார். பிறகு மற்ற செருப்பையும் கழற்றினார். "பொண்ணைக் கரை சேர்க்கத் துப்பில்லாம மடத்துல தள்ளிட்டான்னு நாலு பேர் சொல்லுவாங்க. அதை லிஃப்ட்டுக்குள்ளயே நின்னுக்கிட்டு சொல்லுவாங்க. எனக்கு இறங்கிப் போகவும் வழி கிடையாது."

அக்காவுக்கு இரண்டு வரன்கள் வந்து, இரண்டையும் அவளே வேண்டாம் என்று சொன்னது எங்களுக்குத் தெரியும். ஏன் என்று மட்டும் தெரியாது.

அவள் சேர விரும்பிய சபை சிறியது. ஆள் துணை இல்லாத நோயாளிகளின் பக்கத்தில் இருப்பது அவர்கள் வேலை. முப்பது வயது நிறைந்தவர்களை எடுப்பதில்லை. அக்காவுக்கு முப்பது நிறைய மூன்றரை மாதம் இருந்தது. கேட்ட காகிதங்களில் திருமுழுக்குச் சான்றும் மருத்துவச் சான்றும் பங்குச் சாமியாரின் கடிதமும் சுலபம். பெற்றோர் சம்மதக் கையெழுத்துக்கு அப்பா மனம் வைக்கவேண்டும். கடைசியாக ஒன்று: இந்த வாழ்க்கையை ஏன் தேடுகிறீர்கள் என்று விண்ணப்பிப்பவர் தன் கையால் எழுதும் கடிதம்.

"இது என் டிபார்ட்மெண்ட்" என்றேன். அக்காவும் பெரிதாகத் தடுக்கவில்லை. அவளுக்கு எழுத்து என்றாலே பயம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கே பேனாவை இரண்டு முறை உதறுவாள்.

ஐந்து பக்கம் எழுதினேன். குழந்தைப் பருவம் முதலே ஆலய மணியோசை உள்ளத்தில் தெய்வீக நாதமாய் ஒலித்தது. உலக இன்பங்கள் கானல் நீர். மெழுகுவர்த்தியாய் உருகத் துடிக்கும் நெஞ்சம். அக்கா படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தாள்.

"நல்லா இருக்குடி. யாரைப் பத்தி?"

"உன்னைப் பத்திதான்."

"சின்ன வயசுல பூசைக்கு எழுப்பினா, நான் உன்னைக் கிள்ளி அழவெச்சு, பாப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு வீட்டுலயே இருந்துக்குவேன். இந்த மணியோசை எப்போ கேட்டுச்சு?"

"அதெல்லாம் எழுத முடியுமா? இதுக்குன்னு ஒரு நடை இருக்குக்கா."

என்னை நம்பினாள். நான் படித்தவள் ஆயிற்றே. இரண்டு நாள் உட்கார்ந்து தன் உருண்டைக் கையெழுத்தில் ஐந்து பக்கத்தையும் பார்த்து எழுதினாள். 'தெய்வீக' என்ற சொல்லை மூன்று இடத்தில் அடித்துத் திருத்தினாள்.

மடத்திலிருந்து பத்தாம் நாள் கூப்பிட்டார்கள். நானும் துணைக்குப் போனேன். சுத்தமான சின்ன வரவேற்பறை. நான்கு மரநாற்காலி, சுவரில் ஒரு சிலுவை, மூலையில் காலண்டர். புதிதாகச் சேருகிறவர்களைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டர் வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிப்பார், பேசுவதற்கு இறக்கிக்கொள்வார். அதனால் அவர் எங்களுக்குக் கண்ணாடி சிஸ்டர் ஆகிவிட்டார்.

"இதை எழுதினவங்க நல்லாவே எழுதுறாங்க" என்றார் கண்ணாடி சிஸ்டர். கடிதத்தை மேஜைமேல் வைத்தார். "அவங்களுக்கும் ஆண்டவரோட அழைத்தல் இருந்தா அவங்களும் வந்து பேசலாம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அக்கா சிரித்தேவிட்டாள். "இவதான் சிஸ்டர். என் தங்கச்சி. இவளுக்கு அழைத்தல் எல்லாம் இல்ல, காலைல எழுப்புறதே பெரும்பாடு."

"அப்போ நீங்க எழுதுங்க."

"எனக்கு எழுத வராது சிஸ்டர்."

"நாங்க சேர்க்கப்போறது உங்களைத்தானேம்மா, கடிதத்தை இல்லையே. ஒரு பக்கம் போதும். மூணு வாரத்துல கொடுங்க, அதுக்கப்புறம் வந்தா இந்தச் சபைக் கூட்டத்துல வைக்க முடியாது." குரல் கடுமையாக இல்லை. அதனால் இன்னும் வலித்தது.

பெண்களின் உழைப்பைப் பற்றிக் கல்லூரியில் இருபத்தைந்து பக்கக் கட்டுரை எழுதி, வகுப்பில் வாசித்துக் கைதட்டல் வாங்கியவள் நான். அக்கா வேலை செய்கிற இடத்துக்குள் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை. கட்டுரைக்கு அது தேவைப்படும் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. மறுநாள் வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் அங்கே போனேன்.

மருத்துவமனையின் அடித்தளம். படி இறங்கும்போதே நீராவியும் சோப்பு வாடையும் முகத்தில் அடித்தது. உள்ளே போனதும் சத்தம். வரிசையாகத் துவைக்கிற இயந்திரங்கள், பிழிகிற இயந்திரங்கள், நடுவில் சூடான உருளைகள் வைத்த ஒரு நீண்ட தேய்ப்பு மெஷின். அதை ரோலர் என்கிறார்கள். அக்கா ஒரு பக்கம், இன்னொரு பெண் மறுபக்கம். ஈர விரிப்பின் இரண்டு முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, ஒரே இழுப்பில் விறைப்பாக்கி, ஓரத்தை ரோலருக்குக் கொடுத்தார்கள். ஒருத்தி கை ஒரு விரல்கடை பிந்தினாலும் மடிப்பு விழுந்துவிடும். அக்காவின் விரிப்பில் மடிப்பு விழவில்லை. ஒன்று, அடுத்தது, அடுத்தது. அங்கே அவளுக்கு 'ஸ்கேல்' என்று பெயர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுபக்கம் நின்றவளின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. பாடுகிறாள். யார் காதிலும் விழாது என்பதால் அங்கே மட்டும்தான் பாடுவாளாம். பாட்டுக்காரி.

அந்தச் சத்தத்தில் பேச முடியாது. ஆனால் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், கையால். முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து. சுண்டுவிரல் காட்டினால் ஓட்டை இருக்கிறது, தைக்க அனுப்பு. மீசையை முறுக்கினால் சூப்பர்வைசர் வருகிறார். சூப்பர்வைசர் ஒரு பெண். முன்னால் இருந்தவருக்கு மீசை இருந்ததாம். ஆள் மாறியும் சைகை மாறவில்லை. வேலைச் சைகை மட்டுமா? மாமியார், மகனின் பரீட்சை, முழங்கால் வலி எல்லாவற்றுக்கும் விரல் இருந்தது. அக்கா என்னைப் பார்த்துவிட்டுப் பாட்டுக்காரிக்கு ஏதோ காட்டினாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

டீ இடைவேளையில் பாட்டுக்காரி சொன்னாள்: "நீதானா அந்தப் பட்டதாரி? உன்னைப் பத்தித்தான் சொன்னா."

"என்ன சொன்னா?"

"மணியோசைன்னு சொன்னா." டீக்குப் புரை ஏறும்வரை சிரித்தாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. இருபது வருடத்தில் அக்கா இவ்வளவு பேசுகிறவள் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் அவள் அதிகம் பேசுவதில்லை. நாங்கள்தான் இடம் கொடுக்கவில்லையோ என்னவோ.

கடிதத்தை அவள் அங்கேயே, இடைவேளைகளில், மடித்து அடுக்கிய விரிப்புக் கட்டின்மேல் தாளை வைத்து எழுதினாள். நான்கு நாள் ஆயிற்று. "பிழை பார்த்துத் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"பிழை இருந்தா இருக்கட்டும்டி. நீ திருத்த ஆரம்பிச்சா மெழுகுவர்த்தி வந்துடும்."

அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் அப்பாவின் கையெழுத்து பாக்கி இருந்தது. அடுத்த ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்து, அம்மா தட்டுகளை எடுக்கப் போனபோது, "உட்காரும்மா" என்றாள் அக்கா. தாளைப் பிரித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டே வாசித்தாள். அந்தத் தாளின் நகல் ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. எழுத்துப்பிழைகளை மட்டும் விட்டுவிட்டு இங்கே தருகிறேன். அதையாவது நான் திருத்திக்கொள்கிறேன்.

"நான் மருத்துவமனையில் துணி துவைக்கிறேன். மூன்றாம் மாடிக் கடைசியில் இருக்கிற தனி அறைத் துணி மட்டும் எண் எழுதின பையில் தனியாக வரும். பிழைக்கமாட்டார் என்று தெரிந்தவர்களை அங்கே வைப்பார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தப் பையில் வந்த விரிப்பின் ஓரம் ஒரே இடத்தில் கசங்கியிருந்தது. தினமும் அதே இடம். யாரோ அதைப் பிடித்துக்கொண்டே படுத்திருக்கிறார்கள். ரோலரில் இரண்டு தடவை விட்டாலும் அந்தக் கசங்கல் போகவில்லை. பத்து நாள் பார்த்தேன். பதினோராம் நாள் வேலை முடிந்து மாடி ஏறினேன். ஒரு வயதான அம்மா. யாரும் வருவதில்லை என்று நர்ஸ் சொன்னார். மடத்து சிஸ்டர்கள் வாரத்தில் இரண்டு நாள் வருவார்கள், இன்று அவர்கள் நாள் இல்லை என்றார். நான் உட்கார்ந்தேன். அந்த அம்மா விரிப்பை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மணி நேரம். மறுநாள் வந்த விரிப்பில் ஓரம் கசங்கவில்லை.

அதிலிருந்து வேலை முடிந்து மேலே போகிறேன். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லியிருக்கிறேன். அது பொய். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன், வீட்டில் இப்போதுதான் சொல்கிறேன்.

எனக்குக் குரல் எதுவும் கேட்கவில்லை. கனவும் வரவில்லை. அந்த அறைக்குள் நான் போவதற்கு முன்பே ஆண்டவர் போய் உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றும். அதனால் பயம் இல்லை. சிஸ்டர்கள் சேர்ந்து ஜெபித்துவிட்டு அங்கே வருகிறார்கள். போய் மறுபடி ஜெபிக்கிறார்கள். நான் ரோலரிலிருந்து வருகிறேன், பஸ்ஸுக்குப் போகிறேன். வேலை முடிந்து போகிற இடமாக அது இருப்பது எனக்குப் போதவில்லை. அந்த அறையையே என் வேலையாகவும் வீடாகவும் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். கல்யாணத்தில் எனக்கு வெறுப்பில்லை. வந்த இருவரும் நல்லவர்கள். அவர்களோடு இருந்துகொண்டு நான் மூன்றாம் மாடியையே நினைத்துக்கொண்டிருப்பேன், அது அவர்களுக்குச் செய்கிற துரோகம் என்று வேண்டாம் என்றேன்."

அவ்வளவுதான். தாளை மடித்தாள்.

முதலில் பேசியது அம்மா. "ஆறு வருஷமா ஓவர்டைம்னு நம்பி, சோத்தை மூடி மூடி வெச்சேனேடி."

"சாரிம்மா."

"சாரியாம் சாரி." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த அம்மாவுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

"ஒரு வாரத்துல போயிட்டாங்க. அன்னைக்கு நான் கூட இருந்தேன்."

நான் குறுக்கே புகுந்தேன். மனதில் இருந்ததைக் கேட்காவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. "ஆறு வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்சும் நான் படிச்சு முடிக்கணும்னுதான் இவ்வளவு நாள் இருந்தியாக்கா?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஏன்டி, எல்லாக் கதையிலயும் நீ வந்தே ஆகணுமா? எனக்குத் தெளியறதுக்குத்தான் ஆறு வருஷம் ஆச்சு. நான் மெதுவான ஆள்."

அப்பா அதுவரை தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் பெரியவளே, ரெண்டு தடவை ரோலர்ல விட்டும் போகலையா?" என்றார்.

"போகலப்பா."

தலையை ஆட்டினார். பேனா கேட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "லிஃப்ட்டுல எவன் வேணா என்ன வேணா பேசட்டும். இந்தத் தாளை மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்குவேன்" என்றார். அந்த நகல் அப்படி எடுத்ததுதான். அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். அத்தோடு முடியவில்லை. சபை முடிவெடுப்பதற்கு முன் இரண்டு வாரம் மடத்தில் தங்கிப் பார்க்கவேண்டும்; அவர்களும் பார்ப்பார்கள், அவளும் பார்ப்பாள். அக்கா விடுப்புப் போட்டுவிட்டு ஒரு பையோடு போனாள். பதினைந்தாம் நாள் திரும்பி வந்தபோது முகமே சரியில்லை.

"நான் கெடுத்துட்டேன்டி" என்றாள்.

அந்த மடத்தில் இரவு ஜெபத்திலிருந்து மறுநாள் காலை உணவு முடியும்வரை யாரும் பேசக்கூடாது. அக்காவுக்கு அது மிகச் சுலபமாக இருந்ததாம். மூன்றாம் நாள் காலை பாத்திரம் கழுவுகிற இடத்தில், அவளோடு வந்திருந்த சின்னப் பெண்களில் ஒருத்தி வீட்டு நினைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அக்கா கையால் கேட்டாள்: என்ன? யார்? அம்மாவா? அந்தப் பெண் முதலில் விழித்தாள், பிறகு அவளும் கையால் சொன்னாள். மறுநாள் இன்னும் இரண்டு பேர். ஐந்தாம் நாள் மாமியார், மீசை, முழங்கால் வலி எல்லாம் மடத்துக்குள் வந்துவிட்டது. ஆறாம் நாள் காலை உணவின்போது, ஒரு வாய்கூட அசையாமல், நான்கு பெண்கள் ஒரே நேரத்தில் குபீரென்று சிரித்தார்கள்.

கண்ணாடி சிஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பேசலையே சிஸ்டர்னுதான் முதல்ல சொன்னேன்" என்றாள் அக்கா. "நிஜமா அப்படித்தான்டி நினைச்சேன். வாயைத் திறக்கல, விதி மீறலன்னு. அவங்க கண்ணாடியை இறக்கிட்டு, 'கை பேசுச்சே'ன்னாங்க. அப்புறம்தான் உறைச்சுது. நாங்க கையால பேசுறது வெளிய சத்தமா இருக்குன்னு. இவங்க மௌனமா இருக்கிறது உள்ள இருக்கிற சத்தம் அடங்கட்டும்னு. நான் அந்த இடத்துலயும் ரோலரை ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

"நீ என்ன சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன். பதினோரு வருஷமா எனக்கு மௌனம்னா மெஷின் நின்னுபோச்சுன்னு அர்த்தம். மெஷின் நின்னா எல்லாரும் பதறி ஓடுவோம். சத்தம் இல்லன்னா எனக்குப் பயமா இருக்கு சிஸ்டர், அதான் கை தானா வேலை தேடுதுன்னேன்."

"அதுக்கு?"

"'சரி, மீதி நாள் அந்தப் பயத்தோட உட்கார்ந்து பாருங்க'ன்னாங்க. கையை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். ரெண்டு நாள் நரகம். விரல் எல்லாம் அரிக்குது. அப்புறம்…" எதைச் சொல்வது என்று தேடினாள். "அந்த மூணாம் மாடி அறையில மானிட்டரை எடுத்ததுக்கப்புறம் ஒரு அமைதி வரும். அது மாதிரி இருந்துச்சு. பயமா இல்ல."

கிளம்பும்போது கண்ணாடி சிஸ்டர் முடிவு எதுவும் சொல்லவில்லை. நடந்ததைச் சபைக்கு எழுதுவேன், மறைக்க முடியாது என்று மட்டும் சொன்னாராம். கூட்டத்துக்கு ஒன்பது நாள். அவளுடைய பிறந்தநாளுக்கு ஐந்து வாரம். இந்தக் கூட்டத்தில் வேண்டாம் என்றால் வயது தாண்டிவிடும். பிறகு கேட்கவே முடியாது.

நான் சும்மா இருக்க மாட்டாமல், "சபைத் தலைவிக்கு நான் ஒரு கடிதம் எழுதட்டுமா?" என்றேன். அக்கா முஷ்டியைத் தூக்கிக் காட்டினாள். நிறுத்து.

தொடர்புக்கு அப்பாவின் போன் எண்ணைத்தான் கொடுத்திருந்தாள். சலவைக்கூடத்தில் போன் அடித்தால் கேட்காது. லிஃப்ட்டுக்குள் போன் எடுக்காது என்பதை யாரும் யோசிக்கவில்லை. பத்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு, தரைத்தளத்தில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு கதவைச் சாத்துகிற நேரத்தில் அப்பாவுக்கு அழைப்பு வந்தது. "மடத்துலேர்ந்து பேசுறோம். உங்க மகளை…" என்பது வரை கேட்டது. கதவு சாத்திக்கொண்டது.

இரண்டாம் மாடியில் ஒருவர் இறங்கவேண்டும். நான்காம் மாடியில் இருவர். அப்பா எங்கேயும் நிறுத்தவில்லை. "என்னய்யா, ரெண்டு போயிடுச்சு" என்று ஒருவர் கத்தினாராம். "சார், எல்லாரையும் திரும்பக் கூட்டிட்டு வந்து விடுறேன். மொட்டைமாடிக்குப் பக்கத்துலதான் சிக்னல் கிடைக்கும்" என்றாராம் அப்பா. இருபத்தாறு வருடத்தில் அவர் யாரையும் தவறான மாடியில் இறக்கியதில்லை. அன்று ஆறு பேரையும் ஏழாம் மாடியில் நிறுத்திவைத்துவிட்டு, வெளியே நின்று திருப்பிக் கூப்பிட்டார். பேசி முடித்துத் திரும்பியபோது ஆறு பேரும் வாட்சைப் பார்த்தபடி நின்றார்கள். "என் பெரிய மகளை மடத்துல எடுத்துக்கிட்டாங்க" என்றார். கரை சேர்ப்பதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. நான்காம் மாடிக்காரர் கை கொடுத்தாராம்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு நேராகச் சலவைக்கூடத்துக்குப் போனார். இதைப் பாட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாசலில் நின்று, "பெரியவளே, பெரியவளே" என்று கத்தியிருக்கிறார். நீராவியும் இரைச்சலும். அவருக்கு அந்த விரல் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. கடைசியில், லிஃப்ட்டில் ஏறுகிறவர்களிடம் மேலேயா என்று கேட்பதற்கு ஆட்காட்டி விரலைத் தூக்குவாரே, அதைத் தூக்கிக் காட்டினார். அக்கா பார்த்துவிட்டாள். கையிலிருந்த விரிப்பு அப்படியே ரோலருக்குள் போனது. பதினோரு வருடத்தில் முதல் மடிப்பு என்று பாட்டுக்காரி சொன்னாள். அதைத் தனியாக எடுத்துவைக்கவில்லை, நனைத்து மறுபடி ரோலரில் விட்டார்கள். மேலே படுக்கை காத்திருந்தது.

முடிவோடு ஒரு குறிப்பும் வந்தது. மௌனம் இவருக்குக் கடினமாக இருக்கும். கடினம் என்று தானே சொன்னவர் என்பதால் ஏற்றுக்கொள்கிறோம். அதை நான் பல முறை படித்திருக்கிறேன். நான் எழுதிய ஐந்து பக்கத்தில் கடினம் என்ற சொல்லே கிடையாது.

அவள் சேர்ந்த நாள் காலை மடத்துச் சிற்றாலயத்தில் எங்களோடு முப்பது பேர்தான். சலவைக்கூடத்திலிருந்து ஒன்பது பேர் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். சத்தம் இல்லாத இடத்தில் எப்படி உட்காருவது என்று தெரியாமல் கையைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்காரி முதல்முறையாக மற்றவர் காதில் விழும்படி பாடினாள். சுமாராகத்தான் பாடுகிறாள். நிறுத்தவில்லை. அப்பா கடைசி வரிசையில் சுவரோரமாக இருந்தார். முன்னால் வரச் சொன்னதற்கு, "இங்கேருந்தே தெரியுது" என்றார்.

மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒவ்வொருவராகப் பீடத்தின் முன்னால் போய் நிற்கவேண்டும். சபைத் தலைவி கேட்பார். அச்சடித்த அட்டையில் இருக்கிற பதிலைச் சொல்லவேண்டும். முதல் இரண்டு பெண்களும் என்ன சொன்னார்கள் என்று முன்வரிசையில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அக்காவின் முறை வந்தது. சாம்பல் நிறத்தில் எளிய உடை. அம்மா தைத்தது. அளவு எடுக்கும்போது அம்மா வழக்கமாகச் சொல்கிற, பெருத்தாப் பிரிச்சுக்கலாம் என்ற வசனத்தை அன்றும் சொல்லியிருந்தாள்.

"நீங்கள் கேட்பது என்ன?"

அக்கா அட்டையைப் பார்க்கவில்லை. "இந்தச் சபையில் உங்களோடு வாழ்ந்து, நான் அழைக்கப்பட்டிருக்கிறேனா என்று தேடிப் பார்க்க அனுமதி கேட்கிறேன்."

பதினோரு வருடம் இரைச்சலில் நின்ற தொண்டை அது. மெல்லச் சொல்ல அதற்குத் தெரியாது. பீடத்து விளக்கு அணைந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு வந்தது. சபைத் தலைவி ஒரு கணம் பின்வாங்கி, பிறகு புன்னகைத்தார். கண்ணாடி சிஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார், தோள் குலுங்கியது.

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா எழுந்து நின்றிருந்தார். யாரும் நிற்கச் சொல்லவில்லை, நிற்கிற நேரமும் அல்ல. மற்றவர்கள் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். என் பக்கத்திலிருந்த அம்மா எழுந்து, குனிந்தபடியே நடந்து, அவர் பக்கத்தில் போய் நின்றாள். நானும் போனேன்.

"கேட்டுச்சா?" என்றார் அப்பா, கிசுகிசுப்பாக.

"தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்" என்றாள் அம்மா.